பிளாக்ஃபுட் மக்களின் பாறைவிளிம்பு வேட்டை: மந்தையைத் திரட்டுவதிலிருந்து பெமிக்கன் பை தைப்பது வரை

கேள்வி இது: குதிரையும் துப்பாக்கியும் வருவதற்கு முன் வட அமெரிக்கச் சமவெளியின் பழங்குடிகளான பிளாக்ஃபுட் மக்கள் பைசன் என்ற காட்டு மாட்டு மந்தைகளைப் பாறை விளிம்பிலிருந்து விரட்டி வீழ்த்தினார்களாமே, கூச்சல் போட்டால் நடந்துவிடும் வேலைதானே அது? தேவைக்கு மேல் கொன்ற வீண் கொலைதானே?

இரண்டும் தவறு. இரண்டாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். விளிம்பில் நடப்பது சில நிமிடங்கள். அதற்கு முன் பல நாள் மந்தையைப் பழக்கி நகர்த்தும் வேலை, அதற்குப் பின் பல வாரம் இறைச்சியையும் கொழுப்பையும் காப்பாற்றும் வேலை. படங்களில் வரைவது அந்தச் சில நிமிடங்களை மட்டுமே. அதனால்தான் இது முரட்டு வேட்டை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

முதலில் யார் இவர்கள் என்று பார்த்துவிடுவோம். பிளாக்ஃபுட் என்பது ஒரே இனக்குழு அல்ல, ஒரே மொழி பேசும் நாட்டினங்களின் கூட்டமைப்பு. சிக்சிகா மக்கள் இன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகருக்குக் கிழக்கே போ ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். கைனாய் மக்களுடைய ஒதுக்கீட்டு நிலம் அதற்குத் தெற்கே இருக்கிறது, பரப்பளவில் கனடாவிலேயே பெரியது அதுதான். பீகானி மக்களில் ஒரு பகுதியினர் ஆல்பர்ட்டாவில் ஓல்ட்மேன் ஆற்றோரம் வாழ்கிறார்கள். மற்றப் பகுதியினர் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மொன்டானாவில், பிளாக்ஃபீட் என்ற பெயரில் இருக்கிறார்கள். எல்லோரும் தங்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர் நீட்சிதாப்பி. பேசுவது அல்கோங்கியக் குடும்ப மொழி. முற்றிலும் வேறான டெனே குடும்ப மொழி பேசும் சூட்டினா மக்கள் இவர்களின் நெடுநாள் நட்பினர். க்ரீ, அசினிபாய்ன், க்ரோ, ஷோஷோனி ஆகியோரோடு பெரும்பாலும் பகைதான், இடையிடையே சமாதானமும் வணிகமும் உண்டு.

வேட்டையை விளங்கிக்கொள்ள ஹெட் ஸ்மாஷ்ட் இன் (மண்டை நசுங்கிய இடம்) என்ற இடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் மக்லியோட் ஊருக்கு வடமேற்கே சுமார் 18 கிலோமீட்டரில், போர்க்குப்பைன் குன்றுகளின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறக்குறைய 6,000 ஆண்டுகள், இடைவெளிகளோடு, இங்கே வேட்டை நடந்திருக்கிறது. இன்று பார்த்தால் பாறை 10 மீட்டர் உயரம்தான், இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அடியில் எலும்பும் அம்பு முனையும் மண்ணும் மாறி மாறி அதே அளவுக்கு, 10 மீட்டருக்கும் மேல், படிந்து கிடக்கின்றன. தொடக்கத்தில் விழுந்த விலங்குகள் இன்றையதைவிட மிக ஆழத்தில் விழுந்தன. பெயருக்குக் காரணமாகப் பெரியவர்கள் சொல்லும் கதையும் இந்தக் குவியலைப் பற்றியதுதான். மந்தை விழுவதைப் பாறை இடுக்கில் ஒளிந்து பார்க்க நினைத்த ஓர் இளைஞன், அன்று விழுந்தவை மிக அதிகம் என்பதால், பாறைக்கும் பிணக்குவியலுக்கும் நடுவே நசுங்கி மண்டை உடைந்து கிடந்தான்.

பாறை இருந்தால் மட்டும் போதாது. சமவெளியில் பாறைகள் ஏராளம், வேட்டைக்கு உதவியவை மிகச் சில. இந்த இடத்தின் பலம் பாறைக்கு மேற்கே உள்ள மேய்ச்சல் வடிநிலம். சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்பு, நல்ல புல், தண்ணீர், சுற்றிலும் மேடு. இலையுதிர் காலத்தில் மந்தைகள் தாமாகவே இங்கு வந்து சேரும். இரண்டாவது பலம் காற்று. இந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசும். பாறை கிழக்கு நோக்கியது. பைசனுக்குக் கண் பார்வை சுமார், மோப்பம் மிகக் கூர்மை. பாறைக்குக் கீழே நூற்றுக்கணக்கான மனிதர்களும் நாய்களும் நெருப்பும் இருக்கும் முகாமின் வாடை, மேற்கே மேயும் மந்தைக்கு எட்டாது. மூன்றாவது பலம், விளிம்பு கண்ணில் படாமை. மேற்கிலிருந்து ஓடிவரும் விலங்குக்குப் பாறையின் மேல்நிலமும் அதற்கு அப்பால் கீழே விரியும் சமவெளியும் ஒட்டிக்கொண்டு ஒரே புல்வெளியாகத் தெரியும். இடையில் பள்ளம் இருப்பது கடைசி சில அடிகளில்தான் தெரியும்.

இனி வேலை. வடிநிலத்துக்குள் போகிறவர்கள் தேர்ந்த இளைஞர்கள் சிலர். இவர்களை ஓட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் பைசன் கன்றின் தோலைப் போர்த்திக்கொண்டு, வழி தவறிய கன்று போலக் கத்துவான். வேறு சிலர் ஓநாய்த் தோல் போர்த்தி மந்தைக்குப் பின்பக்கம், காற்று வரும் திசையில், எட்டத்தில் நடமாடுவார்கள். இவர்கள் குறிவைத்தது பசுக்களும் கன்றுகளும் இளம் விலங்குகளும் சேர்ந்த மந்தை. காளைகள் இனச்சேர்க்கைக் காலம் தவிர ஆண்டின் பெரும்பகுதி தனியாகவோ சிறு கூட்டமாகவோ திரியும். பசு மந்தையை நடத்துவது வயது முதிர்ந்த பசுக்கள். கன்றுக்கு ஆபத்து என்று தோன்றினால் பசுக்கள் கன்றின் குரலை நோக்கி நகரும், ஓநாய் பின்னால் இருந்தால் நெருக்கமாகச் சேர்ந்து முன்னே போகும். மந்தையின் இந்த இரண்டு இயல்பையும் கொண்டு நாள்கணக்கில், அவசரமில்லாமல், அதை வேண்டிய பாதைப் பக்கம் கொண்டுவருவார்கள். இந்தக் கட்டத்தில் யாரும் கத்தக் கூடாது. ஒருமுறை மிரண்டு ஓடிவிட்டால் பைசன் பல கிலோமீட்டர் போன பிறகுதான் நிற்கும்.

வடிநிலத்திலிருந்து பாறை வரை கற்குவியல்களால் ஆன ஓட்டுப் பாதைகள் உண்டு. ஹெட் ஸ்மாஷ்ட் இன்னில் இவை 10 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. குவியல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பலவும் முழங்கால் உயரம்கூட இல்லை. இது வேலி இல்லை. 500 கிலோ எடையுள்ள பசுவை, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியதை, ஒரு முழம் உயரக் கல் தடுக்காது. குவியல்களில் புதர்க்கிளைகளைச் செருகிவைப்பார்கள், அவை காற்றில் ஆடும். மந்தையின் கண்ணுக்கு இரு பக்கமும் ஏதோ அசைகிறது என்று தெரிந்தால் போதும், நடுவில் போகும். ஓட்டிகளுக்கும் அதுவே வழிகாட்டி, தரையோடு குனிந்து நகர்கிறவனுக்கு அடுத்த திருப்பம் எங்கே என்று காட்டும். பாறையை நெருங்க நெருங்கப் பாதை குறுகும், புனல் வடிவம். கடைசிப் பகுதியில்தான் குவியல்களுக்குப் பின்னால் ஆட்கள் படுத்திருப்பார்கள். மந்தை தாண்டியதும் ஒவ்வொருவராக எழுந்து தோல் போர்வையை வீசிக் கத்துவார்கள். மந்தை முழு ஓட்டம் பிடிப்பது அப்போதுதான்.

எங்கே கெட்டுப்போகும்? மிகப் பெரிய எதிரி காற்று மாறுவது. பாதி வழியில் கிழக்கிலிருந்து ஒரு வீச்சு வந்தால் போதும், முகாமின் வாடை பட்டு மந்தை திரும்பிவிடும், அத்தனை நாள் உழைப்பும் போனது. மந்தை சிறியதாக இருந்தாலும் தோல்விதான். முன்னால் ஓடும் விலங்கு விளிம்பைக் கண்டு நிற்கப் பார்க்கும், பின்னால் வருபவற்றின் நெருக்கம்தான் அதைத் தள்ளும். பத்துப் பதினைந்து விலங்குகள் இருந்தால் அந்த நெருக்கம் கிடைக்காது, விலகித் தப்பிவிடும். சீக்கிரமே கத்திவிட்டால் விளிம்புக்கு வருவதற்குள் மந்தை சிதறும். தாமதித்துக் கத்தினால் வேகம் போதாது. பாதையின் ஓரத்தில் ஓரிடம் வெறிச்சோடிக் கிடந்தால் அதன் வழியே பிய்த்துக்கொண்டு போகும், அந்த இடத்தில் படுத்திருப்பவர் உயிர் பிழைப்பதே அரிது.

இத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலையில் ஒருவன் தனியாகப் போய் ஒரு விலங்கை அம்பெய்தால் முகாம் முழுக்கப் பட்டினி. அதனால் கூட்டு வேட்டைக்கு முன் தனி வேட்டைக்குத் தடை இருந்தது. போர்வீரர் சங்கங்கள் அதைக் காவல் காத்தன. மீறினால் உடையைக் கிழிப்பார்கள், வில்லை உடைப்பார்கள். சடங்கும் இதோடு பிணைந்தது. இனிஸ்கிம் எனப்படும் பைசன் கல், பெரும்பாலும் அம்மோனைட் அல்லது பேக்குலைட் என்ற பழங்காலக் கடலுயிரிப் புதைபடிவத்தின் துண்டு. பட்டினிக் காலத்தில் விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணுக்கு அது பாடி அழைத்தது, தன் பாட்டையும் சடங்கையும் கற்றுக்கொடுத்தது, மந்தை வந்தது என்பது மரபு. இன்றும் அந்தக் கற்கள் மருந்துப்பொதிகள் எனப்படும் புனிதப் பொருள் மூட்டைகளில் காக்கப்படுகின்றன. வேட்டைக்கு முந்தைய இரவுச் சடங்கை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆண், பெண், சிறுவர் எல்லோரையும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் அதுதான்.

காலம் ஏன் இலையுதிர் காலம் என்றால், கொழுப்பு. இதுதான் இந்த வேட்டையின் உயிர்நாடி, பலரும் கவனிக்காமல் விடுவதும் இதுதான். கொழுப்பே இல்லாத இறைச்சியை மட்டும் தின்று மனிதன் பிழைக்க முடியாது. புரதத்தைச் செரித்து யூரியாவாக வெளியேற்ற உடலுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு, சோர்வு, எவ்வளவு தின்றாலும் தீராத பசி, சில வாரங்களில் சாவு. தானியம் விளைவிக்காத மக்களுக்குக் குளிர்காலத்தில் கலோரி தருவது கொழுப்புதான். பசுக்கள் கோடை முழுக்க மேய்ந்து செப்டம்பர், அக்டோபரில் கொழுத்திருக்கும். காளைகள் ஜூலை, ஆகஸ்ட் இனச்சேர்க்கைச் சண்டையில் இளைத்துப்போயிருக்கும். அப்போது பிடித்தால் காளை இறைச்சி நார்தான். ஓட்டிகள் பசு மந்தையைத் தேர்ந்தது சும்மா இல்லை.

விழுந்தவை எல்லாம் உடனே சாவதில்லை. கீழே காத்திருப்பவர்கள் அம்பாலும் ஈட்டியாலும் கல்சம்மட்டியாலும் முடித்துவிட வேண்டும். அதன் பிறகு நேரத்தோடு போட்டி. பைசன் தோல் தடிமனானது, வயிற்றுக்குள் நொதித்துக்கொண்டிருக்கும் புல் தானே சூடு கிளப்பும். செப்டம்பர் வெயிலில் சில மணி நேரம் அப்படியே விட்டால் வயிறு உப்பி, எலும்பை ஒட்டிய இறைச்சி புளித்துவிடும். எனவே முதல் வேலை எல்லாவற்றையும் கிழித்துத் திறந்து சூட்டை வெளியேற்றுவது, நிதானமான அறுப்பு பிறகுதான். புரட்ட முடியாத எடை என்பதால், கால்களைப் பரப்பி வயிற்றின் மேல் இருத்தி, முதுகுத்தண்டு வழியே தோலைக் கிழித்து இரு பக்கமும் இறக்குவார்கள். நாக்கும் திமிலும் முதலில். இறைச்சியைத் துண்டு போடாமல், விரித்த துணி போல மெல்லிய ஏடாகச் சீவிக் கம்புச் சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்புக்கண்டம் போல இதில் உப்புக் கிடையாது. வறண்ட மேல்காற்றும் வெயிலும் மட்டும், அதனால்தான் அவ்வளவு மெல்லிசு. தடித்த இடம் ஒன்று இருந்தாலும் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். சுமார் 5 கிலோ பச்சை இறைச்சி காய்ந்தால் 1 கிலோ. இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஒரு முகாம் குளிர்காலத்தைத் தாண்டுமா என்பது அவர்கள் கையில்தான் இருந்தது.

அடுத்து எலும்பிலிருந்து கொழுப்பு எடுப்பது. மண்பானை குறைவு, உலோகம் இல்லை. தரையில் குழி தோண்டி, பச்சைத் தோலை உள்ளே விரித்து ஓரத்தில் முளையடித்து, தண்ணீர் நிரப்புவார்கள். அருகில் நெருப்பில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினால் கொதிக்கும். நொறுக்கிய எலும்பைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் மேலே உறைந்து மிதக்கும் கொழுப்பை வழித்தெடுப்பார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஹெட் ஸ்மாஷ்ட் இன்னில் காலடியில் கிடப்பதெல்லாம் மணற்கல். அதைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் பொடிந்து கொழுப்பு முழுக்க மணலாகிவிடும். எனவே ஆற்றுப்படுகையிலிருந்து குவார்ட்சைட் என்ற கடினமான கூழாங்கற்களைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து வந்தார்கள். சூட்டில் வெடித்த அந்தக் கற்கள் பாறைக்குக் கீழே உள்ள சமவெளியில் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. கால்நடையாக, மனிதர் முதுகிலும் நாய் மேலும் வந்து சேர்ந்த கற்கள் அவை.

இந்த இரண்டும் சேர்வதுதான் பெமிக்கன். காய்ந்த இறைச்சியை நெருப்பருகே மறுபடி சூடுகாட்டி, தோல் மேல் போட்டுக் கல்சம்மட்டியால் நார் நாராக இடிக்க வேண்டும். கொழுப்பை உருக்கி ஊற்றிக் கிளற வேண்டும். எடையில் ஏறக்குறைய சரிபாதி. ரோமத் தோல் வணிகக் காலத்து வழக்கமான பை ஒன்றில் சுமார் 23 கிலோ இறைச்சி, 18 கிலோ கொழுப்பு. சாஸ்கட்டூன் பெர்ரி என்ற காட்டுப் பழத்தைக் காயவைத்துச் சேர்ப்பார்கள். சோக்செர்ரிப் பழம் என்றால் கொட்டையோடு இடித்துக் காயவைத்தது. தோல் பைக்குள் இறுக அடைத்து, தைத்த வாயின் மேல் கொழுப்பைத் தடவி மூடிவிட்டால் காற்றுப் புகாது, ஆண்டுக்கணக்கில் கெடாது. கொழுப்பு மிகக் கொதியாக இருந்தால் இறைச்சி வெந்து தனியாகப் பிரிந்துவிடும். குளிர்ந்துபோயிருந்தால் நாரின் இடையே இறங்காமல் காற்றுக்குமிழ் நிற்கும், அங்கிருந்துதான் கெடத் தொடங்கும்.

இனி வீணடித்தார்களா என்ற கேள்வி. விளிம்பை நோக்கி ஓடத் தொடங்கிய மந்தையில் எத்தனை விழ வேண்டும் என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. தப்பிய விலங்கு மற்ற மந்தைகளுக்குச் செய்தி சொல்லிவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது, அதனால் தப்பவிடவும் மாட்டார்கள். பெரிய வீழ்ச்சிகளில் அடியில் மாட்டிய விலங்குகளை எட்ட முடியாமல் விட்டதற்குச் சான்று உண்டு. பிளாக்ஃபுட் நாட்டுக்கு வெகு தெற்கே, கொலராடோவில் ஓல்சன் சப்பக் என்ற சுமார் 10,000 ஆண்டுப் பழைய இடத்தில் 190 விலங்குகள் ஓடைப் பள்ளத்தில் விழுந்தன, அடியில் கிடந்தவை அறுக்கப்படவே இல்லை. எனவே ஒரு துளியும் வீணாக்காதவர்கள் என்று சொல்வதும் புகழுரைதான். ஆனால் இப்படிப்பட்ட வேட்டை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்தும் கோடிக்கணக்கான பைசன்கள் சமவெளியில் இருந்தன என்பதையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பாறை இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள்? வடகிழக்கே மரங்கள் அடர்ந்த பகுதியில் வாழ்ந்த க்ரீ, அசினிபாய்ன் மக்கள் மரத்தால் வட்ட அடைப்புக் கட்டினார்கள், பிளாக்ஃபுட் மக்களும் கட்டியதுண்டு. ஓட்டுப் பாதையும் ஓட்டிகளும் அதேபோலத்தான், முடிவில் மட்டும் பாறைக்குப் பதில் அடைப்பு. வாசலில் ஒரு சரிவு வைத்து உள்ளே இறங்கியது திரும்ப ஏற முடியாதபடி செய்வார்கள். சுவரில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஒரு சந்து தெரிந்தால் மந்தை அங்கேயே மோதி உடைத்துக்கொண்டு போய்விடும், அதனால் தோல்களைத் தொங்கவிட்டு மறைப்பார்கள். இந்தக் கலையில் தேர்ந்தவருக்குப் பெரும் மதிப்பு இருந்தது. க்ரீ தலைவர் பவுண்ட்மேக்கரின் பெயரே அடைப்புக் கட்டுபவர் என்பதுதான். அவரை 1873-இல் சிக்சிகா தலைவர் குரோஃபூட் மகனாக ஏற்றுக்கொண்டார்.

குதிரை வந்ததும் இதெல்லாம் தளர்ந்தது. 1730-ஐ ஒட்டி ஷோஷோனி வீரர்கள் குதிரை மேல் வந்து தாக்கியபோதுதான் பீகானி மக்கள் அந்த விலங்கை முதலில் எதிர்கொண்டார்கள். அதுவரை சுமை இழுத்தது நாய். இரண்டு கம்புகளை முக்கோணமாகக் கட்டித் தரையில் இழுத்துச் செல்லும் டிராவாய் சட்டத்தில் ஒரு நாய் சுமார் 30 கிலோ இழுக்கும், குதிரை 130 கிலோவுக்கு மேல். அந்த ஒரு வேறுபாடு வீட்டின் அளவையே மாற்றியது. 6 முதல் 8 தோல்களில் தைத்த கூடாரம் 12, 14 என்று வளர்ந்தது. குதிரை வைத்திருப்பவன் மந்தையோடு ஓடி, வேண்டிய கொழுத்த பசுவைத் தேர்ந்து அம்பெய்யலாம். நூறு பேர் கூடிச் செய்த வேலையைச் சிலர் செய்தார்கள். லாபம்தான், ஆனால் குதிரை உள்ளவன், இல்லாதவன் என்ற ஏற்றத்தாழ்வும் கூடவே வந்தது. 1830-களில் மிசௌரி ஆற்று வழியாகத் தோல் போர்வை வணிகம் பெருகியபோது பதப்படுத்தும் சுமை முழுக்கப் பெண்கள் மேல் விழுந்தது. வேட்டை எளிதாகிவிட்டது, விலங்கின் மூளைக் குழம்பைத் தேய்த்து ஒரு தோலை மென்மையாக்கும் வேலை எளிதாகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாறைவிளிம்பு வேட்டை நின்றேபோனது.

அதன் பின் நடந்தது வேகமான அழிவு. பெரியம்மை 1781, 1837, 1869 என்று மூன்று முறை வாரிக்கொண்டு போனது. 1870 ஜனவரி 23 அன்று மரியாஸ் ஆற்றங்கரையில் அமெரிக்க இராணுவம் ஹெவி ரன்னரின் முகாமைச் சுட்டுத் தீர்த்தது. இறந்தவர்கள் 173 என்றது இராணுவம், 217 என்கிறார்கள் பிளாக்ஃபீட் மக்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அடுத்த ஆண்டுகளில் பைசன் தோலைத் தொழிற்சாலையில் பதப்படுத்தும் முறை கைவந்ததும் வெள்ளை வேட்டைக்காரர்கள் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை அழுகவிட்டார்கள். 1877 செப்டம்பர் 22-இல் குரோஃபூட்டும் கைனாய் தலைவர் ரெட் குரோவும் கனடா அரசுடனான ஏழாம் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டபோது மந்தைகள் குறைந்துவிட்டிருந்தன, இரண்டே ஆண்டில் கனடாப் பக்கம் அவை இல்லை. மொன்டானாவில் 1883-84 குளிர்காலத்தில் அரசு ரேஷன் போதாமல் சுமார் 600 பிளாக்ஃபீட் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். வீணடித்தது யார் என்று கேட்பவர்கள் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது மந்தைகள் திரும்புகின்றன. 2014-இல் எல்லையின் இரு பக்கத்து நாட்டினங்களும் சேர்ந்து பைசன் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. 2016-இல் ஆல்பர்ட்டாவின் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவிலிருந்து 87 கன்றுகள் மொன்டானா பிளாக்ஃபீட் நிலத்துக்கு வந்தன. 1870-களில் இதே பகுதியில் பிடிக்கப்பட்ட கன்றுகளின் வழிவந்தவை அவை. 2023 ஜூனில் அந்த மந்தையிலிருந்து ஒரு சிறு கூட்டத்தைச் சீஃப் மலையடிவாரத்தில் வேலியில்லாமல் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து அவை மேற்கே கிளேசியர் பூங்காவுக்குள்ளும் வடக்கே கனடாவின் வாட்டர்டன் பக்கமும் தம் விருப்பப்படி போகலாம்.